செங்கோட்டைத் தெருவுக்கு எந்தக் குழந்தை வண்டி?

கேள்வி இது: "மகளுக்கு ஐந்து மாதம் நடக்கிறது. நாங்கள் செங்கோட்டையில் இருக்கிறோம். மனைவியின் தாய்வீடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூர். மாதத்தில் இரண்டு முறையாவது ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வருகிறோம். ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்று கடை கடையாகப் பார்த்தோம். எல்லாமே நன்றாகத்தான் உருள்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கொல்லத்தில் இருக்கும் என் அக்கா தன் மகனுடைய பழைய வண்டியைத் தருவதாகவும் சொல்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா?"

தம்பி, கடையில் எல்லா வண்டியும் நன்றாக உருளத்தான் செய்யும். வழவழப்பான டைல்ஸ் தரை, காலி வண்டி, பழகிய கை. விற்பவர் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுவார். உங்கள் தெருவில் சாக்கடை வாறுகால் மூடியின் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், சிமெண்டு பெயர்ந்த இடத்தில் ஜல்லி தெரியும், வேகத்தடை குறுக்கே கிடக்கும். வண்டிக்குள் குழந்தை இருக்கும், உங்கள் தோளில் பை இருக்கும். சில நாள் அதைத் தள்ளுகிறவர் உங்கள் அம்மாவாக இருப்பார். அந்தத் தெருவில், அந்த எடையோடு, அந்தக் கைகளால் தள்ளிப் பார்க்கும்வரை எந்த வண்டியைப் பற்றியும் எனக்கு நம்பிக்கை வராது.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் நடத்தியவள். இரண்டு பிள்ளைகளை இதே ஊரில் வளர்த்தேன். மூத்தவனுக்கு வாங்கிய வண்டியைக் கடையில் பார்த்ததும் பிடித்துப்போய் எடுத்து வந்தோம். ஒரு நாள் காய்கறி வாங்கிய பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, அம்மாவிடம் கொடுப்பதற்காகக் குழந்தையைத் தூக்கினேன். வண்டி அப்படியே மல்லாந்து விழுந்தது. குழந்தை என் கையில் இருந்தான். அரை நிமிடம் முன்னால் அந்தப் பையில் இன்னும் இரண்டு தேங்காய் சேர்ந்திருந்தால் அவனோடு சேர்ந்தே கவிழ்ந்திருக்கும். நெம்புகோல் தத்துவத்தை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள் நான். கைப்பிடி, பின்சக்கர அச்சுக்கு வெளியே நீண்டிருக்கிறது. அங்கே தொங்கும் ஐந்து கிலோ, இருக்கையில் இருக்கும் எட்டு கிலோவைத் தூக்கிவிடும். அன்றிலிருந்து எந்த வண்டியையும் சோதித்துப் பார்க்காமல் குழந்தையை வைத்ததில்லை. இளையவளுக்கு வளைகுடாவில் இருந்த என் தம்பி அனுப்பிய பெரிய மூன்று சக்கர வண்டி, உறவினரிடம் இரவல் வாங்கிய குடைமடிப்பு வண்டி, நாங்களே வாங்கிய நடுத்தர வண்டி என்று மூன்றையும் மாறி மாறித் தள்ளியிருக்கிறோம். இனிச் சொல்வதெல்லாம் அந்த அனுபவமும் கொஞ்சம் கணக்கும்தான்.

முதலில் உங்கள் மகளின் வயதைப் பார்ப்போம். ஐந்து மாதக் குழந்தைக்குக் கழுத்து நின்றிருக்கலாம், முதுகு இன்னும் தானாக நிற்காது. அவள் பிடிமானமில்லாமல் உட்காரும்வரை, ஏறக்குறையப் படுக்கை நிலைக்குச் சாயும் இருக்கை வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஏற்றது என்று ஒரு வண்டியைச் சொல்வதானால், முதுகுச் சாய்வுக்கும் இருக்கைக்கும் இடையே குறைந்தது 150 பாகைக் கோணம் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1888. கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குப் பாதி சாய்ந்த நாற்காலி போலத் தெரிந்தால் இப்போதைக்கு அது உங்களுக்கு ஆகாது. நிமிர்ந்த இருக்கையில் தூங்கும் சிறு குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து, மோவாய் நெஞ்சில் படியும், மூச்சுக்குழாய் மடங்கும். எனவே வண்டியில் தூங்கிப்போனால் சாய்வை இறக்கிவிடுங்கள். வீடு வந்ததும் பாயில் படுக்க வையுங்கள். நல்ல தூக்கம் கலைந்துவிடுமே என்று வாசலில் வண்டியோடு விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக இருக்கட்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் போட்ட குழந்தை எட்டு மாதத்தில் எழுந்து நிற்கப் பார்க்கும். தோள்பட்டை பெல்ட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழையலாம், கை நுழையக் கூடாது. கொக்கியை உங்கள் அம்மாவைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடியவில்லை என்றால் நாளை அவர் அதை மாட்டவும் மாட்டார். "பக்கத்தில்தானே போகிறோம்" என்று சும்மா உட்கார வைத்துவிடுவார்.

அடுத்து எடை. காலி வண்டியைத் தள்ளிப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை. ஆகவே 10 கிலோ அரிசிப் பை ஒன்றை இருக்கையில் வைத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டுத் தள்ளுங்கள். மூன்று வயதுவரை பயன்படுத்த நினைத்தால் 15 கிலோ வையுங்கள். அரிசி வைத்ததும் சில வண்டிகளின் சட்டம் பக்கவாட்டில் நெளிவதைக் கையிலேயே உணரலாம். திருப்பும்போது கைப்பிடி ஒரு பக்கம் போகும், முன்சக்கரம் கொஞ்சம் தாமதித்துத் திரும்பும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் ஆணிகள் ஆட்டம் காணும்.

பிரேக்கை நான் சோதித்த முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. அதே ஐரோப்பியத் தரநிலை, நிறுத்திய பிரேக்கை 9 பாகைச் சரிவிலும், கவிழாமல் நிற்கும் திறனை 12 பாகைச் சரிவிலும் சோதிக்கச் சொல்கிறது. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. எங்கள் வீட்டில் கழற்றி வைத்த பழைய தேக்குக் கதவு ஒன்று இருந்தது, ஆறரை அடி நீளம். அதைத் தரையில் போட்டு, ஒரு முனைக்கு அடியில் மூன்று அங்குலக் கனமுள்ள பழைய செங்கற்கள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வசத்தில் அடுக்கினால் ஏறத்தாழ 9 பாகை வந்துவிடும். ஐந்தரைச் செங்கல் உயரம் வைத்தால் 12. நடுவில் ஒரு சாக்கு மூட்டையை முட்டுக் கொடுங்கள். அரிசிப் பையோடு வண்டியை மேலே ஏற்றி, பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். முகம் கீழ்நோக்கி ஒரு தடவை, மேல்நோக்கி ஒரு தடவை. பிறகு செங்கல்லைக் கூட்டி, குறுக்கு வாட்டமாக வைத்தும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். இரவல் வாங்கிய குடைமடிப்பு வண்டி 9 பாகையில் அசையாமல் நின்றது. 12 பாகையில் குறுக்கே வைத்ததும் மேட்டுப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. அந்த வண்டியை ஆற்றங்கரைச் சரிவுக்கு நாங்கள் எடுத்துப்போனதே இல்லை.

பிரேக்கில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில், மிதியை அழுத்தினால் ஒரு சிறு முளை பின்சக்கரக் குடத்தில் இருக்கும் பல்லிடைவெளிக்குள் போய் உட்காரும். முளை பல்லின் முகட்டில் பட்டு நின்றுவிட்டால், மிதி இறங்கியதுபோல் தெரியும், பூட்டு விழுந்திருக்காது. எனவே ஒவ்வொரு முறையும் பிரேக் போட்டபின் வண்டியை ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். "டக்" என்ற சத்தம் கேட்கும். ஒரே மிதியில் இரு சக்கரமும் பூட்டுவது நல்லது. மிதியை விடுவிக்கும் விதத்தையும் கவனியுங்கள். சிலவற்றில் கால்விரலை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். ஷூ போட்டு நடக்கும் ஊருக்குச் செய்த அமைப்பு அது. நாம் செருப்புப் போட்டு நடக்கிறோம். பெருவிரல் நகம் தெறிக்கும். மேலிருந்து அழுத்திப் போட்டு, மேலிருந்தே அழுத்தி எடுக்கும் மிதியைத் தேடுங்கள். வீட்டில் சேலை கட்டுபவர்கள் இருந்தால் அவர்களையும் நான்கடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் சேலைக் கரை போய்ச் சுற்றிக்கொள்ளும் வண்டிகள் உண்டு.

ரயில் நிலையத்தில் பிரேக் மட்டும் போதாது. 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், தாயின் கை விலகிய சில நொடியில் வண்டி உருண்டு நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயிலும் மோதியது. ஆறு மாதக் குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது உலகம் முழுவதும் செய்தியானது. நடைமேடையில் வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்துங்கள், ஒருபோதும் அதை நோக்கி நிறுத்தாதீர்கள். பிரேக்கைப் போடுங்கள், மணிக்கட்டுப் பட்டை இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் ஒரு பருத்தி நாடாவைத் தைத்துக்கொள்ளலாம்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 5 அங்குலச் சக்கரம் 2 செ.மீ. உயர விளிம்பில் ஏற, அந்தச் சக்கரத்தின்மேல் இறங்கும் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசையோடு தள்ள வேண்டும். 10 அங்குலச் சக்கரத்துக்கு அந்த எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான விசை போதும். அதனால்தான் சிறு சக்கர வண்டி வாறுகால் மூடியில் முட்டி நின்றுவிடுகிறது. தள்ளுகிறவர் வேகத்தில் வந்தால் குழந்தை முன்னால் குலுங்குகிறது. வாங்கும் முன் கடைக்கு வெளியே, சாலையோரம் தள்ளிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு படியில் ஏற்றிப் பாருங்கள்; முழங்கால் அச்சில் இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். பேவர் பிளாக் கல் பதித்த இடத்தில் முன்சக்கரம் படபடவென்று ஆடினால், அதை நேராகப் பூட்டிவைக்கும் கொக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். கரடான பாதைக்குப் பூட்டு, கடைக்குள் திரும்புவதற்குத் திறப்பு.

காற்றடைத்த டயர் சொகுசுதான். ஆனால் எங்கள் பெரிய வண்டிக்கு முதல் மாதத்திலேயே வேலிக்கருவை முள் ஏறியது. ஆறுதல் என்னவென்றால், பெரிய வண்டிகளில் வரும் 12 அங்குல ட்யூப் சிறுவர் சைக்கிளின் ட்யூப்தான். சைக்கிள் கடையிலேயே பஞ்சர் ஒட்டலாம், புதிதும் கிடைக்கும். ஆறேழு அங்குலக் காற்று டயருக்கு அந்த வசதி இல்லை. அந்த அளவில் வாங்குவதானால் பஞ்சர் ஆகாத கனமான நுரை ரப்பர் சக்கரமே மேல். வெறும் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரத்தைத் தெருவில் தள்ளினால் எழும் சத்தத்திலேயே உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் புனலூர்ப் பயணம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் புனலூரைப் போலவே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததுதான். கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் மலைக்கு இரு புறமும் இன்றும் நடக்கின்றன. அதனால் குழந்தையோடு கணவாயைத் தாண்டும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். அகலப் பாதை 2018-இல் முழுமையாகத் திறந்தபின் ரயில் மீண்டும் வசதியாயிற்று. ஆனால் பெட்டியில் ஏறும்போது ஒருவர் கையில் குழந்தை, இன்னொருவர் கையில் பெட்டியும் வண்டியும். இங்கே என் மூன்று சக்கர வண்டி முற்றிலும் தோற்றது. 12 கிலோ, மடித்தாலும் ஒரு சிறு மேசை அளவு, வழியை அடைத்துக்கொண்டு நின்றது. குடைமடிப்பு வண்டி இருக்கைக்கு அடியில் போய்விட்டது. வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள்: இடது இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வண்டியை மடித்து, தூக்கிக்கொண்டு, உங்கள் வீட்டு மாடிப்படியில் பத்துப் படி ஏறி இறங்குங்கள். உங்கள் மனைவியும் செய்யட்டும். அவருக்கு முடிந்தால் வாங்கலாம். ஆட்டோவில் உங்கள் காலடியில் அது நிற்கிறதா என்றும் பாருங்கள், ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோவைத்தானே நம்பியிருக்கிறீர்கள்.

குடைபோல் மடியும் வண்டியை 1965-இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் சக்கரத் தாங்கியில் வேலை செய்தவர். விமானம் பறந்ததும் சக்கரத்தை மடக்கி உள்ளே இழுக்கும் கலையையும் அலுமினியக் குழாயையும் குழந்தை வண்டிக்குக் கொண்டுவந்தார். அருமையான யோசனை. அதே மடக்குக் கீலில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் ஏறத்தாழ 10 லட்சம் குடைமடிப்பு வண்டிகளுக்குக் கீல் உறை தர வேண்டியதாயிற்று. 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்தது. ஆகவே மடிக்கும் இடங்களில் ஒரு பென்சிலை வைத்து மூடிப் பாருங்கள். பென்சிலில் பல் பதிந்ததுபோல் தடம் விழுந்தால் அந்தக் கீலுக்குத் துணி உறையாவது இருக்க வேண்டும். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும், நடக்கத் தொடங்கிய பிறகு இன்னும் கவனம். விரித்தபின் பூட்டு விழுந்ததா என்று கைப்பிடியை அழுத்திப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று காற்று. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நீங்கள் அறிவீர்கள். தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அந்தக் காற்று ஆளையே தள்ளும். அங்கே செருப்பை விடுவதற்காக ஒரு கணம் கையை எடுத்தேன். முக்கால் பங்கு விரித்திருந்த மேற்கூரை பாய்மரம்போல் உப்பி, குடைமடிப்பு வண்டி அரைவட்டம் சுழன்றது. பிரேக் போட்டிருந்தும் முன்பக்கம் திரும்பிவிட்டது. காற்றுக் காலத்தில் நிறுத்தும்போது மேற்கூரையை மடித்துவிடுங்கள். மழை உறை பொருத்தினால் பக்கத்தில் காற்றுத் துளை இருக்க வேண்டும், சாரல் நின்றதும் உடனே கழற்ற வேண்டும்.

வெயிலுக்குத் துண்டோ சேலையோ போட்டு வண்டியை மூடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2023-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, உலர்ந்த மெல்லிய துணியால் மூடிய வண்டிக்குள் வெப்பம் கூடியது. துணியை நனைத்து, சிறு மின்விசிறியும் பொருத்தியபோது வெளி வெப்பத்தைவிடக் குறைந்தது. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதே காரணம். நம் பக்கத்து உலர்ந்த பங்குனி வெயிலில் இது ஓரளவு பயன்படலாம். மலைக்கு அந்தப் பக்கம், புனலூரின் புழுக்கத்தில், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அவ்வளவு பலன் எதிர்பார்க்க முடியாது. வெயில் ஏறும் முன் போய்வருவதே வழி. வாங்கும்போது மேற்கூரையின் பின்புறம் வலை ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுத் துணி தடித்த ரெக்சினாக இருந்தால் வேண்டாம். துணியைக் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற முடியாத துணியில் கக்கிய பால் இருந்தால் சாரல் காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை போகவே போகாது.

புகையையும் சொல்ல வேண்டும். வண்டியில் இருக்கும் குழந்தையின் முகம் லாரியின் புகைக்குழாய் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிகமான மாசைக் குழந்தை சுவாசிக்க நேரலாம் என்று 2018-இல் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடி நோக்கி வரிசையாக நிற்கும் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளின் விலை ஒன்றானால் இருக்கை உயர்ந்ததை எடுங்கள். கொல்லம் சாலையோரம் உலாவுவதைத் தவிர்த்து உள் தெருக்களில் போங்கள். நெரிசலைக் கடக்க வேண்டியிருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என் தேர்வு: முழுதாகச் சாயும் இருக்கை, ஆறேழு அங்குல நுரை ரப்பர் சக்கரம், எட்டு கிலோவுக்கு மிகாத எடை, ஒரு கையால் மடியும் அமைப்பு. இந்த அளவு வண்டி எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது. ஆனால் எங்கள் மூன்றில் மூன்று வயதுவரை தினமும் வாசலில் நின்றது அதுதான். பெரியது பரணுக்குப் போனது.

அக்காவின் வண்டியைத் தாராளமாகப் பாருங்கள், இலவசம் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். கொல்லம் கடலோர ஊர். உப்புக் காற்றில் ஆணியும் ஸ்பிரிங்கும் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். வண்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றுங்கள். கரகரப்புக் கேட்டால் அச்சைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட்டுப் பாருங்கள். அலுமினியக் குழாய் வளையும் இடங்களில் மயிரிழை விரிசல் இருந்தால் அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், ஒட்டவைத்தும் பயனில்லை. பெல்ட்டின் தையலை நகத்தால் கீறுங்கள், நூல் பொடிந்தால் வெயிலில் இற்றுவிட்டது என்று அர்த்தம். இவையெல்லாம் சரியாக இருந்தால், கடைசியாகக் கதவுச் சோதனை. உங்களிடம் பழைய கதவு இல்லையென்றால் எங்கள் வீட்டுக் கதவு இன்னும் பின்கட்டில்தான் சாய்ந்து நிற்கிறது, செங்கல்லும் அங்கேயே இருக்கிறது. அரிசியை மட்டும் கொண்டுவாருங்கள்.